கருவாட்டுக்கால் அழகம்மாள்

பரவைச் சந்தையில் அழகம்மாளின் தராசைத் தெரியாதவர்கள் கிடையாது. பித்தளைத் தட்டு இரண்டும் எந்நாளும் அப்போதுதான் கடையிலிருந்து வந்தவை போல இருக்கும். விடிந்ததும் முதல் வேலையாகப் புளியை உப்போடு பிசைந்து, செங்கல் பொடியைத் தொட்டுத் தேங்காய் நாரால் அவற்றைத் தேய்ப்பாள். காய்ச்சல் அடித்தாலும் தேய்ப்பாள். தட்டின் அடியில் களிமண்ணை அப்பி எடையை மாற்றுகிறவர்கள் அந்தச் சந்தையில் இருந்தார்கள். அவர்களோடு சேர்த்துத் தன்னை யாரும் பேசிவிடக் கூடாது என்பது அவளுடைய பிடிவாதம்.

கோபக்காரி என்றும் அவளுக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரும் பொய்யல்ல. ஆனால் காரணமில்லாமல் அவள் கோபப்பட்டதாக யாராலும் ஒன்றைக் காட்ட முடியாது. ஒருமுறை ஒரு பெரிய மனிதர் கத்திரிக்காய்களை நகத்தால் கீறிக் கீறிப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று எழுந்தார். அழகம்மாள் அவர் மேல்துண்டின் நுனியைப் பிடித்து, கீறிய காய்களையெல்லாம் அதில் போட்டு முடிந்து அனுப்பினாள். காசு கேட்கவில்லை. "காசு வேணாம்யா. நீ கீறுனத நீயே தின்னு" என்று மட்டும் சொன்னாள். அதன்பிறகு அந்த வரிசையில் யாரும் காயைக் கீறிப் பார்த்ததில்லை.

அவள் தேனூரில் பிறந்து பரவையில் வாழ்க்கைப்பட்டவள். கணவன் சோணைக்கு இரண்டு காணித் தோட்டமும் ஒரு ஜோடி மாடும் உண்டு. சோணை விளைவிப்பான், அவள் விற்பாள். பேச வேண்டிய இடத்திலெல்லாம் அவளே பேசியதால், அவனுக்குப் பேசுகிற பழக்கமே இல்லாமல் போய்விட்டது. பிறர் சொன்னதை நம்புவதுதான் அவனுடைய சுபாவம்.

வெகுதானிய வருஷம், அதாவது 1938இல், ஆனி மாதம் ஒரு நாள் அவர்கள் கத்திரிக்காய் மூட்டைகளோடு திண்டுக்கல் சாலையில் வந்துகொண்டிருந்தார்கள். எதிரே வந்த மோட்டார் பஸ்ஸின் சத்தத்தில் வலத்து மாடு மிரண்டு வண்டியைப் பள்ளத்தில் இறக்கியது. அழகம்மாள் கீழே விழுந்தாள். பாரவண்டியின் சக்கரம் அவளுடைய இடது கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே ஏறி இறங்கியது.

முதலில் பக்கத்து ஊர் எலும்பு வைத்தியர் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கட்டு இறுகித் தோல் புண்ணானதே தவிர எலும்பு கூடவில்லை. கால் நடுவில் மடங்கும் கால் ஆகிவிட்டது. ஆவணி முடிகிற சமயத்தில் சோணை அவளை மதுரை நகரின் மேற்கே இருந்த ஒரு சிறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்து சேர்த்தான்.

அந்த ஆஸ்பத்திரி டாக்டர் சீதாராமனுக்குச் சொந்தமானது. சென்னையில் படித்தவர். எலும்பை உள்ளே திறந்து உலோகத் தகடு வைத்துத் திருகாணியால் முடுக்கும் சிகிச்சையை அந்த வட்டாரத்தில் செய்தவர்கள் அப்போது மிகச் சிலரே, அவர்களில் இவர் ஒருவர். அவர் சொன்னதைக் கேட்டு அழகம்மாள், "நான் என்ன கோயில் கதவா, தகடு வச்சு ஆணியடிக்க" என்றாள். டாக்டர் சிரிக்கவில்லை. வைக்காவிட்டால் இந்தக் காலால் இனி நிற்க முடியாது என்றார். சந்தையில் நிற்காத வாழ்க்கை அவளுக்குத் தெரியாது. சரி என்றாள்.

வைத்தியரின் கட்டினால் வந்த புண் ஆறினால்தான் அறுக்க முடியும். அதற்காக அவள் வார்டில் காத்துக் கிடந்தாள். பெரியவர்களுக்கான தகடுகளில் இருப்பில் இருந்தவை மூன்றே. சீமையிலிருந்து சென்னைக் கடை வழியாக வந்தவை. துருப்பிடிக்காத எஃகு என்று சொன்னார்கள். தகடுகள் வந்த அன்றே டாக்டர் அவற்றையும் திருகாணிகளையும் தம் அறைக்கு எடுத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பொற்கொல்லர்கள் வாங்கும் வெடியுப்புத் திராவகத்தைத் தண்ணீரில் கலந்து, அதில் அவற்றை ஊறவைத்தார். பிறகு பல தண்ணீரில் கழுவி உலர்த்தி, ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி, ஆபரேஷன் அறை அலமாரியில் வைத்தார். எதற்காக இதைச் செய்தார் என்று யாருக்கும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. திராவக நெடி இரண்டு நாள் தாழ்வாரத்தில் நின்றது, அதற்கு மட்டும் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

நவராத்திரி வந்தது. டாக்டர் குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போனார். விஜயதசமி கழிந்து வந்து அழகம்மாளுக்கு ஆபரேஷன் செய்வதாக ஏற்பாடு. ஆயுத பூஜையைக் கம்பவுண்டர் வெங்கட்ரமணன் நடத்துவது அங்கே வழக்கம். அவர் நல்ல உழைப்பாளி, பூஜை என்றால் ஒரு குறையும் வைக்க மாட்டார். அந்த வருஷம் அக்கம்பக்கத்துப் பெரிய மனிதர்களையும் அழைத்திருந்தார். சரஸ்வதி படத்தின் முன்னால் ஆஸ்பத்திரியின் ஆயுதங்கள் எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும். கத்தி, கத்தரிக்கோல், குறடு, எலும்பு ரம்பம் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. ஜாடியைத் திறந்து பார்த்தார். தகடுகள் மங்கலாக, சாம்பல் பூத்தது போல இருந்தன. சீமைச் சாமான் இப்படியா இருக்கும், டாக்டர் திராவகத்தில் போட்டுக் கெடுத்துவிட்டார் போலிருக்கிறதே என்று அவருக்கு மனக்கஷ்டமாகிவிட்டது.

எல்லாவற்றையும் துலக்கச் சொல்லி ஆயா முத்துத்தாயிடம் கொடுத்தார். முத்துத்தாய் அவ்வளவையும் ஒரே இரும்புச் சட்டியில் போட்டு, புளியும் உப்பும் கரைத்து ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டாள். காலையில் தேய்க்க உட்கார்ந்தபோது அவளுக்கு இடுப்பு வளையவில்லை. அவள் தேய்க்கிற லட்சணத்தைப் படுக்கையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்த அழகம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்டி, தேய்க்கிறியா தடவிக் குடுக்கிறியா? இங்கிட்டுக் கொண்டா."

முத்துத்தாய்க்கு அது போதும். சட்டியை அப்படியே கொண்டுவந்து கட்டில் ஓரத்தில் வைத்தாள். அழகம்மாள் காலை நீட்டிக்கொண்டு, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, செங்கல் பொடியை வரவழைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு கைக்கு ஒரு வேலை கிடைத்த சந்தோஷத்தில், பரவைத் தராசுத் தட்டைத் தேய்ப்பது போலவே தேய்த்தாள். தகடுகளின் துளைக்குள் நாரைத் திரித்து விட்டு இழுத்தாள். திருகாணிகளின் புரிகளில் பொடியை அடைத்துத் துணியால் உருட்டினாள். மங்கல் போய், முகம் பார்க்கும்படி ஆனது. வெங்கட்ரமணன் வந்து பார்த்து, "உன் கை பட்டா இரும்புகூட வெள்ளியாயிடறதே அம்மா" என்றார். அவர் யாரையும் பாராட்டிப் பேசியதாக வார்டில் அதுவரை யாரும் கேட்டதில்லை.

தகடுகள் சந்தனமும் குங்குமமுமாகப் பூஜையில் இருந்தன. பூஜை முடிந்ததும் கழுவித் துடைத்து, ஏதோ விருந்துக்குப் போய் வந்த மாப்பிள்ளைகள் போல மறுபடி ஜாடிக்குள் பத்திரமாக வைக்கப்பட்டன. டாக்டர் திரும்பி வந்தார். ஜாடியில் இருந்தவை வைத்துவிட்டுப் போனதைவிடப் பளபளப்பாக இருந்ததை அவர் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. கொதிக்க வைத்தார், ஒன்றை எடுத்து அழகம்மாளின் காலுக்குள் நான்கு திருகாணி போட்டு முடுக்கினார்.

ஐப்பசியில் அவள் வீட்டுக்கு வந்தாள். வரும்போது வெங்கட்ரமணன் சோணையை நிறுத்தி வைத்துப் பத்தியம் சொன்னார். மீன், கருவாடு, கத்திரிக்காய், மொச்சை, புளி எதுவும் ஆகாது. கஞ்சி, அரை உப்பு ரசம், சுட்ட அப்பளம். கத்திரிக்காய் விற்பவளுக்குக் கத்திரிக்காய் கூடாது என்றதை அவள் வேடிக்கையாகக்கூட எடுத்துக்கொண்டாள். கால் கூடிவருகிறது என்ற நினைப்பில் கஞ்சி இறங்கியது.

அவள் படுத்திருந்த மாதங்களில் சந்தையில் அவள் இடத்தில் உட்கார்ந்தவள் அன்னக்கொடி. சோணையின் அண்ணன் மனைவி. திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்வதாகச் சொல்லித்தான் உட்கார்ந்தாள். தராசையும் அவளே எடுத்துக்கொண்டாள். அதைத் தேய்ப்பதில்லை.

மார்கழியில் தழும்பின் கீழ்முனையில் ஒரு சிறு கொப்புளம் வந்து உடைந்தது. சீழ் வரவில்லை, பழுப்புத் தண்ணீர் வந்தது. தேயிலைச் சாயம் போல ஒரு தண்ணீர். கட்டிய வெள்ளைத் துணியில் படிந்தால் எவ்வளவு வெளுத்தாலும் போகாத கறை. உள்ளே எந்நேரமும் யாரோ விறகு ஊதுகிற மாதிரி ஒரு எரிச்சல். வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் வேறு ஆபரேஷனில் இருந்தார். வெங்கட்ரமணன்தான் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். பார்த்துவிட்டு அழகம்மாளிடம் பேசாமல் சோணையிடம் திரும்பினார்.

"என்ன சாப்பிட்டாள்னு கேளு. கருவாடு பட்ட புண்ணு இப்படித்தான் தண்ணி விடும்."

"நான் தொடவே இல்ல சாமி" என்றாள் அழகம்மாள்.

"எல்லாரும் இதைத்தானே சொல்றா" என்றார் அவர். வார்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் துலக்கிக் கொடுத்த அதே வார்டு.

வீடு திரும்பும் வழியில் விளாங்குடி தாண்டியதும் சோணை மாட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டான்: "அன்னைக்கு உன் தங்கச்சி வந்தப்ப, மடியில என்ன கொண்டாந்தா?"

அழகம்மாள் வண்டியிலிருந்து இறங்கிவிட்டாள். ஓடும் வண்டியிலிருந்து, அந்தக் காலோடு. சாலை ஓரப் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, அவன் பரம்பரையை வரிசையாக விசாரித்தாள். அவன் தூக்கி ஏற்றும்வரை விடவில்லை. ஆனாலும் அவன் நம்பவில்லை என்பது அவன் தூக்கிய விதத்திலேயே அவளுக்குத் தெரிந்தது.

அந்தச் சேதி அவர்களுக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. கம்பவுண்டர் சொன்னது, டாக்டரே சொன்னதாயிற்று. தை மாதத்துக்குள் பரவையில் அவளுக்குக் கருவாட்டுக்கால் என்று பெயர். வைத்தவள் அன்னக்கொடி. சந்தையில், கூட்டம் நிறைந்த நேரத்தில், கருவாட்டுக் கூடைக்காரியைப் பார்த்து, "எங்க வீட்டுப் பக்கம் கூடையத் தூக்கிட்டு வராத ஆத்தா, ஒரு காலு மோப்பம் பிடிக்குது" என்றாளாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அழகம்மாள் வீட்டுக்குள் கயிற்றுக் கட்டிலில் இருந்தபடியே அதைக் கேட்டாள். எழுந்து போய்க் கேட்கக் கால் இல்லை. அவளுடைய கோபத்துக்கு எப்போதும் இரண்டு கால் இருந்தது. இப்போது அது வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது.

பத்தியத்தை இன்னும் இறுக்கினார்கள். உப்பே இல்லாமல் போயிற்று. சோணை தோட்டத்துக்குப் போகும்போது அடுப்படிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு போனான். பதினெட்டு வருஷம் தன் கையால் சமைத்துப் போட்டவளின் அடுப்படியை அவன் பூட்டினான். அவள் கால் வற்றியது, கன்னம் ஒட்டியது. பழுப்புத் தண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

பங்குனியில் டாக்டர் சீதாராமன் அவளை உட்காரவைத்து விளக்கமாகப் பேசினார். தகட்டை எடுத்துவிட வேண்டும். திறந்து பார்க்கும்போது எலும்பு உறுதியாக இருந்தால் சரி, உளுத்திருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும். சோணை அந்த இடத்திலேயே பெருவிரலை நீட்டினான், எங்கே ரேகை வைக்க என்று.

அழகம்மாள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"இது யாரு காலு? என் காலு. என்னயக் கேக்காம எடுக்கக் கூடாது டாக்டரய்யா. மயக்கம் குடுத்துட்டு நீங்களும் இந்தாளும் பேசி முடிவு பண்ற வேல இருந்தா, நான் இப்பவே வண்டி ஏறிப் போறேன். அழுகிச் சாகுறேன்."

டாக்டர் யோசித்தார். முதுகுத் தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்யலாம், நீ விழித்திருக்கலாம் என்றார். அவள் இன்னொன்றும் கேட்டாள். உள்ளேயிருந்து எடுப்பதை அவள் கையில் கொடுக்க வேண்டும். எதற்கு என்று டாக்டர் கேட்டதற்கு, ஆறு மாதம் கஞ்சி குடித்தது எதற்காக என்று பார்க்க வேண்டும் என்றாள்.

மேஜையில் அவளுக்கும் அவள் காலுக்கும் நடுவே ஒரு துணித் திரை. டாக்டர் திருகாணிகளைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஒன்று கழன்று வரவில்லை, தலை ஒடிந்தது. டாக்டர் இங்கிலீஷில் ஏதோ முணுமுணுத்தார். பிறகு வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அந்த வெகுநேரத்தில் அழகம்மாள் மேற்கூரையைப் பார்த்தபடி, கால் போய்விட்டால் சந்தையில் எப்படி உட்காருவது, தராசை எந்த உயரத்தில் கட்டுவது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"எலும்பு கூடியிருக்கு" என்றார் டாக்டர். "காலை எடுக்க வேண்டாம்."

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைக்கவில்லை.

டாக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தகட்டைக் கழுவி ஒரு பீங்கான் தட்டில் வைத்து அவள் முகத்தருகே கொண்டுவந்தார். கொடுப்பதற்கு முன் சன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். துளைகளைச் சுற்றி எஃகு அரித்துக் குழி குழியாக இருந்தது. பழுப்பாகத் துரு. தகட்டின் முகத்தில் இப்படியும் அப்படியுமாக நுண்ணிய கீறல்கள், கீறல் நெடுகத் துருக்கோடு. திருகாணியின் புரியிடுக்கில் செங்கல் நிறத்தில் ஏதோ பொடி.

"இது நான் ஜாடியில் வெச்ச தகடே இல்லை" என்றார். "யார் இதைத் தேய்ச்சது?"

முத்துத்தாய் சுவரோடு ஒட்டினாள். வெங்கட்ரமணன் கையிலிருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்" என்றாள் மேஜையில் கிடந்தவள். "ஆயுத பூசைக்கு. புளி, உப்பு, செங்கல் பொடி."

டாக்டர் தட்டைக் கீழே வைத்தார். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த எஃகுக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் உண்டு என்றார். அது இருக்கிறவரைதான் துருப்பிடிக்காது. ஒட்டியிருக்கும் இரும்புத் துகளையெல்லாம் கரைத்து அந்தத் தோலை முழுமையாக்கத்தான் திராவகத்தில் ஊறவைப்பது. மங்கலாக இருந்தால் அது அழுக்கல்ல. அதைக் கத்தரிக்கோலோடும் ரம்பத்தோடும் இரும்புச் சட்டியில் உப்புத் தண்ணீரில் போட்டு, செங்கல் பொடியால் கீறி, கீறலுக்குள் இரும்பை ஏற்றி வைத்தால், உடம்பின் உப்புநீர் அதை அரிக்காமல் என்ன செய்யும்? மறுபடி ஒருமுறை திராவகத்தில் போட்டிருந்தால்கூடத் தப்பியிருக்குமே. இதையெல்லாம் அவர் வெங்கட்ரமணனைப் பார்த்துச் சொன்னார்.

வெங்கட்ரமணனுக்குப் போக வேறு வழி தெரியவில்லை. "அப்போ இவ காலை இவளேதானே கெடுத்துண்டிருக்கா" என்றார்.

அந்த அறையில் இருந்தவர்கள் பிற்பாடு அவளுடைய சத்தத்தைப் பற்றிப் பலவிதமாகச் சொன்னதுண்டு. வீதிவரை கேட்டது என்றார்கள். அது சரியல்ல. அவள் அன்று சத்தமே போடவில்லை. மெதுவாகத்தான் பேசினாள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல், கால் திறந்து கிடக்க, மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஆமா. தேய்ச்சேன். தேய்க்கிற சாமானத் தேய்க்கத்தான் குடுத்தீக. நல்லா இருக்குன்னும் சொன்னீக. இது தேய்க்கக் கூடாத சாமான்னு யாரு சொன்னா? நீங்க சொன்னீகளா சாமி? டாக்டரய்யா சொன்னாகளா? அந்தச் சாடி மேல ஒரு வெள்ளத் துணியக் கட்டி, இதத் தொடாதீகன்னு ஒரு வார்த்த சொல்ல ஒங்க அம்புட்டுப் பேருக்கும் வாய் இல்ல. எனக்குச் சொல்ல மட்டும் வாய் இருந்துச்சு. மீனு தின்னாத, மொச்ச தின்னாத, உப்புப் போடாத. ஆறு மாசமா நான் என்னத்தத் தின்னேன், என்னத்தத் தின்னேன்னு கேட்டீக. அந்தத் தகடு என்னத்தத் தின்னுச்சுன்னு ஒருத்தரு கேட்டீகளா?"

டாக்டர், "நான்தான் கேட்டிருக்கணும்" என்றார். "பளபளன்னு இருந்ததைப் பார்த்தேன். கேட்கலை."

"கேக்கல" என்றாள் அவள். "சரி, தச்சு மூடுங்க."

புண் சித்திரைக்குள் ஆறியது. வடு கறுத்துக் கிடந்தது, ஆனால் உலர்ந்து கிடந்தது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் அவள் கட்டிலை விட்டு இறங்க மறுத்தாள். கம்பவுண்டர் அன்றைக்கு எந்த இடத்தில் நின்று கருவாடு என்று சொன்னாரோ, அதே இடத்தில் நின்று, அதே மாதிரி தன் கணவனிடம், வார்டு கேட்க, இல்லை என்று சொல்ல வேண்டும். டாக்டர் தாமே சொல்வதாகச் சொல்லிப் பார்த்தார். நீங்கள் அன்று சொல்லவில்லை, சொன்னவர்தான் சொல்ல வேண்டும் என்றாள்.

வெங்கட்ரமணன் வந்து நின்றார். அவருக்கும் அந்த மாதம் தூக்கம் இல்லை என்று முத்துத்தாய் சொல்லியிருந்தாள். அழகம்மாளுக்கு அதில் அக்கறை இல்லை. அவர் சோணையைப் பார்த்து, கால் தண்ணீர் விட்டதற்கும் கருவாட்டுக்கும் சம்பந்தமில்லை, தகடுதான் துருவேறியது, அதை நாங்கள்தான் கவனிக்கவில்லை என்றார். கடைசி வார்த்தைகள் காதில் விழவில்லை. அவள் இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னார்.

அடுத்த வருஷ ஆயுத பூஜையில் அந்த ஜாடிக்கு டாக்டர் பூட்டுப் போட்டுவிட்டார் என்றும், சந்தனத்தை மூடியின் மேல் மட்டும் வைத்தார்கள் என்றும் முத்துத்தாய் சந்தைக்கு வந்தபோது சொன்னாள். அதற்குள் சீமையில் சண்டை மூண்டு, தகடு வருவதும் நின்றுவிட்டிருந்தது. பூட்டிய ஜாடிக்குள் மீதி இரண்டு தகடுகள்தான் இருந்தன.

அதற்கு முன்பே, வீடு வந்த அந்தச் சித்திரையில், திருவிழாக் கூட்டம் ஊர் திரும்புகிற நாளில் அழகம்மாள் சந்தைக்குப் போனாள். இடது காலை ஒரு விரற்கடை இழுத்துத்தான் நடந்தாள். கடைசிவரை அந்த இழுப்பு போகவில்லை. அன்னக்கொடி அவளைக் கண்டதும், "வாடி, கருவாட்டுக்காலு வந்துருச்சா" என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டே எழுந்தாள். அழகம்மாள் சுருக்குப்பையிலிருந்து துருப்பிடித்த தகட்டை எடுத்துத் தராசின் ஒரு தட்டில் போட்டாள். மங்கிக் கறுத்துக் கிடந்த தட்டில் அது டங்கென்று விழுந்தது.

"எந்திரி அக்கா. இதான் என் காலுக்குள்ள இருந்த கருவாடு. வேணும்னா மோந்து பாரு. பாத்துட்டு, ஊருபூராச் சொன்னீல்ல, அம்புட்டு வீட்டுக்கும் போயி மாத்திச் சொல்லிட்டு வா. வந்துதான் இனி என்கூடப் பேசணும்."

அன்னக்கொடி போகவில்லை. இருவரும் பிறகு பேசவும் இல்லை. பெயரும் மாறவில்லை. பரவையில் வைத்த பெயர் மாறுவது வழக்கமில்லை. ஆனால் அதன்பிறகு அழகம்மாள் காது கேட்க அதைச் சொன்னவர்கள் எல்லோரும் அந்தத் தகட்டைக் கையில் வாங்கி, தேய்த்த கதையை முழுவதும் கேட்டுவிட்டுத்தான் நகர முடிந்தது.

அன்று சாயங்காலம் சந்தை கலையும்போது அவள் கருவாட்டுக் கூடைக்காரியைக் கூப்பிட்டு, நல்ல நெத்திலியாகப் பார்த்து வாங்கினாள். வீட்டுக்கு வந்து புளியைக் கரைத்தாள். கத்திரிக்காயும் மொச்சையும் போட்டுக் குழம்பு கூட்டினாள். வாசனை தெருமுனைவரை போனது. தோட்டத்திலிருந்து வந்த சோணை கை கால் கழுவி, நெடுநாளைக்குப் பிறகு முகம் மலர்ந்து, வட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்தான்.

அவள் தனக்குச் சோறு போட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டாள். அவன் வட்டிலில் கஞ்சியை ஊற்றினாள்.

சோணை வட்டிலைப் பார்த்தான், சட்டியைப் பார்த்தான். "எனக்கு?" என்றான்.

"ஒனக்குப் பத்தியம்" என்றாள். "ஆறு மாசம்."

அடுப்படிச் சாவி அவள் இடுப்பில் இருந்தது. அவன் வட்டிலைத் தூக்கி ஒரு வாய் குடித்தான். கஞ்சியில் உப்பு இல்லை.